ரப்பர் பாலும் பழைய ஸ்பீக்கரும்

கேள்வி, குலசேகரத்திலிருந்து (7 ஜூன் 2024)

"அண்ணே, எங்க மாமா மஸ்கட்டில் இருந்தபோது 1980-களில் கொண்டுவந்த ஸ்பீக்கர் ஜோடி மச்சில் கிடந்தது. பேஸ் பாடுகிற பத்து இஞ்ச் ஊஃபர், நடுவில் ஒன்று, மேலே உயர் ஒலிக்கு ஒரு ட்வீட்டர். பெயர்ப் பலகை கழன்று போயிருக்கிறது. ஊஃபரைச் சுற்றியிருக்கிற ஃபோம் விரல் பட்டாலே பொடியாக உதிர்கிறது. எங்களுக்கு ரப்பர் தோட்டம் உண்டு. ஆசிட் ஊற்றாத பாலை பிரஷ்ஷால் இரண்டு கோட் அடித்தால் ஃபோம் திரும்ப இறுகிவிடும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். சரிதானே?"

8 ஜூன்

வேண்டாம். பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிடுங்கள்.

மரத்திலிருந்து எடுத்த பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். ஊஃபரில் அசைந்து ஒலி எழுப்புகிற காகிதக் கூம்பின், அதாவது கோனின், விளிம்பில் இரண்டு கோட் அடித்தால் முதலில் காகிதம் ஊறும். காய்ந்த பிறகு மிஞ்சுவது கந்தகம் சேர்த்துச் சூடாக்காத பச்சை ரப்பர். அது பிசுபிசுவென்றே கிடக்கும், வீட்டிலுள்ள தூசி அத்தனையும் அதில் ஒட்டும், வெயிலும் ஓசோனும் பட்டால் வெடிக்கும். ஷீட் அடிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. பால் உறையாமலிருக்க அம்மோனியா சேர்த்திருந்தால் இன்னும் மோசம். அம்மோனியா செம்பை அரிக்கும், செம்பு பட்ட ரப்பரும் சீக்கிரம் கெடும். கோனின் மேல் ஓடுகிற அந்த இரண்டு மெல்லிய பின்னல் வயரும் செம்புதான்.

ஃபோம் பொடியாவது நீங்கள் பார்க்காமல் விட்டதால் இல்லை. அது பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் அதன் பிணைப்புகளை மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும், பாட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும். எங்கே வைத்திருந்தாலும் பதினைந்து இருபது வருடத்தில் போய்விடக்கூடிய பொருள். நம் குமரி மாவட்டத்திலோ ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, இடையில் கடற்காற்று. மேலே எதைப் பூசினாலும் அடியில் இருப்பது பொடிதான், பூச்சுக்குப் பிடிமானம் கிடைக்காது.

அந்த வளையத்துக்கு இரண்டு வேலை. கோனை நடுவில் நிறுத்த வேண்டும், அதே சமயம் முன்னும் பின்னும் தாராளமாகப் போய்வரவும் விட வேண்டும். இறுகிப் போனால் இரண்டாவது வேலை நடக்காது. "ஃபோம் இறுகிவிடும்" என்று வீடியோக்காரர் சொன்னது உண்மைதான், அதுதான் பிரச்சினையே.

இப்போதைக்குப் பாட்டுப் போடாதீர்கள். ஃபோம் இல்லாத கோன் சாய்ந்து ஓடி வாய்ஸ் காயில் (கோனின் அடியில் காந்த இடைவெளிக்குள் ஓடுகிற கம்பிச் சுருள்) உரசினால், இன்று ஒரு வளையத்தோடு முடிகிற வேலை ரீகோனிங் (கோனையும் காயிலையும் முழுதாக மாற்றுவது) வரை போகும். ஊஃபரைக் கழற்றி, காந்தத்தின் முதுகில் என்ன எண் அச்சடித்திருக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். அதற்குப் பிறகு பேசலாம்.

9 ஜூன்

கழற்றுவதற்கு முன் இதையும் படியுங்கள். காந்தம் ஸ்க்ரூ டிரைவரை இழுக்கும். கை வழுக்கினால் முனை நேராகக் கோனில் இறங்கும். ஒரு கையால் கோனை மறைத்துக்கொண்டு மற்ற கையால் திருகுங்கள். எந்த வயர் எந்த முனையில் இருக்கிறது என்று போனில் படம் எடுத்த பிறகே பிடுங்கவும். ஃபிரேம் பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் நெம்ப வேண்டாம். பெட்டியை முகம் கீழாக, தரையில் விரித்த மெத்தைக்கு ஒரு சாண் மேலே பிடித்துக்கொண்டு முதுகில் தட்டினால் தானாக விட்டுவிடும். இரண்டு பேர் வேண்டும்.

13 ஜூன்

எண் வந்துவிட்டது: ஈ.ஏ.எஸ். என்று தொடங்கி 25 என்று போகிறது. தம்பி, அது மட்சுஷிட்டா குழுமத்தின் எண், அதாவது நேஷனல், பானசோனிக், டெக்னிக்ஸ். 25 என்பது ஊஃபரின் அளவு, சென்டிமீட்டரில். பத்து இஞ்ச். உங்கள் மாமா கொண்டுவந்தது அநேகமாக டெக்னிக்ஸ் பெட்டி.

பெயர்ப் பலகை இல்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பலகையை நம்பவே நம்பாதீர்கள், அது இரண்டு பசைச் சொட்டில் நிற்கிறது. காந்தத்தின் முதுகைப் பாருங்கள். ஜப்பான்காரர்களுக்கு அளவை எண்ணிலேயே எழுதுகிற நல்ல பழக்கம் உண்டு. யமஹாவில் ஜே.ஏ. என்று தொடங்கும். அவர்களுடைய என்.எஸ்.-10எம் பெட்டியின் வெள்ளைக் கோன் ஊஃபர் ஜே.ஏ. 1801, அதாவது 18 சென்டிமீட்டர். பயனியரில் முதல் இரண்டு இலக்கமே சென்டிமீட்டர். அமெரிக்கத் தயாரிப்பில் ஆறேழு இலக்க எண் இருக்கும். தொடக்கத்தில் தயாரிப்பாளர் குறி (220 என்றால் ஜென்சன், 137 என்றால் சி.டி.எஸ்., 67 என்றால் எமினென்ஸ்), அதற்குப் பின் ஆண்டும் வாரமும். இங்கிலாந்தின் கெஃப் யூனிட்களில் எஸ்.பி. என்று தொடங்கும் எண் ஒட்டியிருக்கும். பி110 ஊஃபர் என்றால் எஸ்.பி. 1003, டி27 ட்வீட்டர் என்றால் எஸ்.பி. 1032.

எண்ணும் அழிந்திருந்தால் காந்தத்தின் உருவத்தைப் பாருங்கள். சின்னதாக, உலோகக் கிண்ணம் கவிழ்த்த மாதிரி இருந்தால் பெரும்பாலும் ஆல்னிகோ. கறுத்த தடித்த வளையம் என்றால் ஃபெரைட். 1978-ல் அன்றைய ஜயர் (இன்றைய காங்கோ) நாட்டில் நடந்த சண்டையால் கோபால்ட் விலை எகிறியது. ஆல்னிகோவில் கோபால்ட் உண்டு. அதற்குப் பிறகு பெரும்பாலான கம்பெனிகள் ஃபெரைட்டுக்குப் போய்விட்டன. அதற்கு முன்பே ஃபெரைட் போட்டவர்களும் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்து வயதைச் சொல்லாதீர்கள்.

பலகையை நம்பாதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மார்த்தாண்டத்தில் ஒருவர் பி.பி.சி.யின் எல்.எஸ்.3/5ஏ ஜோடி இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். போனேன். பெட்டி என் இடுப்பு உயரம். உண்மையான எல்.எஸ்.3/5ஏ ஓரடி உயரம்தான் இருக்கும். பி.பி.சி. ஒலிபரப்பு வண்டிக்குள் வைத்துக் கேட்பதற்காக 1970-களில் வடிவமைத்த பெட்டி அது. உள்ளே கெஃப் பி110-ம் டி27-ம் இருக்கும், ட்வீட்டரைச் சுற்றி ஃபெல்ட் துணி ஒட்டியிருக்கும். இவர் பெட்டியில் மூன்று ட்வீட்டர், அதில் இரண்டுக்கு வயரே கிடையாது. வெறும் பிளாஸ்டிக் மூடி. பலகை மட்டும் பளபளவென்று இருந்தது. காப்பி குடித்துவிட்டு வந்தேன், காப்பி நன்றாக இருந்தது.

14 ஜூன்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு குளச்சலிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "என்னுடையது செலஸ்டியன் டிட்டன் 15. அதிலும் ஓர் ஊஃபருக்கு வயர் இல்லை. போலியா?"

இல்லை அண்ணாச்சி, அதைத் தொடாதீர்கள். அதற்கு வயர் இருக்கவே கூடாது. மற்ற ஊஃபர் பெட்டிக்குள் தள்ளுகிற காற்று இதை அசைக்கும், பேஸ் அதிலிருந்தும் வரும். வயர் இல்லாததெல்லாம் ஏமாற்று இல்லை. விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஊஃபரை உள்ளே தள்ளும்போது இது வெளியே வந்தால் உண்மையான பாஸிவ் ரேடியேட்டர், பெட்டியிலும் காற்று ஓட்டை இல்லை. மார்த்தாண்டம் ட்வீட்டர் எவ்வளவு தள்ளினாலும் அசையாது.

22 ஜூன்

குலசேகரம் தம்பி: "ஒரு பெட்டியில் ட்வீட்டர் பாடவே இல்லை. புதுசு வாங்கவா?"

முதலில் மல்டிமீட்டர் வாங்குங்கள். பழைய ஸ்பீக்கர் வைத்திருப்பவர் வீட்டில் ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டாலும் அது இருக்க வேண்டும். ட்வீட்டரின் இரண்டு முனையில் ஓம் பார்க்கவும். 8 ஓம் என்று எழுதியிருக்கிற யூனிட் ஐந்தரையிலிருந்து ஏழு வரை காட்டும். ஜப்பான் பெட்டிகளில் 6 ஓம் அதிகம், அது நாலரை ஐந்து காட்டும். எழுதியிருப்பது இம்பீடன்ஸ் (பாட்டு ஓடும்போது உள்ள மாறுமின் தடை), மீட்டர் காட்டுவது கம்பியின் நேர்மின் தடை, எனவே குறைந்துதான் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது, அல்லது பின்னல் வயர் சாலிடர் புள்ளியில் முறிந்துவிட்டது. இரண்டாவதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

ட்வீட்டர் ஓம் சரியாகக் காட்டினால் சந்தேகம் கிராஸ்ஓவர் (ஒலியை ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புகிற சுற்று) பக்கம் போக வேண்டும். ட்வீட்டருக்குப் போகிற பாதையில் ஒரு சின்ன உருளைக் கண்டென்சர் இருக்கும், மேலே ப்ளஸ் மைனஸ் குறி இருக்காது. நான்-போலார். நாற்பது வருடத்தில் உள்ளே இருக்கிற திரவம் காய்ந்து அளவு மாறிவிடும். கடையில் போய்க் கேட்டால் "இதுவும் அதே மைக்ரோ ஃபாரட்தான்" என்று சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கைக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள், அது ஒரு திசையில் மட்டும் வேலை செய்வது. வேறு வழியில்லாவிட்டால் ஒரே அளவுள்ள இரண்டை மைனஸோடு மைனஸ் சேர்த்துப் போடலாம். அளவு பாதியாகும், 10 மைக்ரோ ஃபாரட் இரண்டு சேர்ந்தால் 5. நல்லது ஃபிலிம் கண்டென்சர். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவிலோ சென்னை ரிச்சி தெருவிலோ கிடைக்கும்.

ஃபிலிம் போட்ட பிறகு ட்வீட்டர் முன்னைவிடக் கூர்மையாகக் கேட்டால் அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் சேர்க்கவும். பழைய எலக்ட்ரோலிட்டிக்குக்கு உள்ளேயே அந்த அளவு தடை இருந்திருக்கும், வடிவமைத்தவர் அதையும் கணக்கில் வைத்திருப்பார்.

பின்பக்கம் ட்வீட்டர் அளவைக் கூட்டிக் குறைக்கிற திருகு இருந்தால், மேலே சொன்ன எதையும் தொடுவதற்கு முன் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருபது தடவை திருப்பிப் பாருங்கள். அமெரிக்க ஏ.ஆர். (அக்கூஸ்டிக் ரிசர்ச்) கம்பெனிப் பெட்டிகளில் இந்தத் திருகு துருப்பிடிப்பது உலகப் பிரசித்தம். நம் ஊர்க் காற்றுக்கு எந்தக் கம்பெனியும் விலக்கு இல்லை.

23 ஜூன்

திருகைத் திருப்பியதும் ட்வீட்டர் பாடிவிட்டதாம். கண்டென்சரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்கிறார். மாற்றுங்கள் தம்பி, இரண்டு பெட்டியிலும்.

3 ஜூலை

மணவாளக்குறிச்சியிலிருந்து ஓர் அண்ணாச்சி. ஊஃபரில் சரவுண்ட், அதாவது கோனைச் சுற்றிய வளையம், நன்றாக இருக்கிறது (ரப்பர், பழுதில்லை), ஓம் சரி, ஆனால் மெதுவாகப் பாடினாலும் கரகரவென்று சத்தம். "காயில் எரிந்துவிட்டது, கோன் மாற்ற வேண்டும்" என்று ஒரு மெக்கானிக் சொல்லிவிட்டார். எனக்கு நம்பிக்கை இல்லாததால் நேரில் கொண்டுவரச் சொன்னேன்.

கோனின் மேல் இரண்டு கட்டைவிரலையும் எதிரெதிராக வைத்து, சாயாமல் உள்ளே தள்ளினேன். சொரசொரப்பு விரலுக்கே தெரிந்தது. ஆனால் எரிந்த காயிலின் உரசல் ஒரே இடத்தில் இருக்கும், எரிந்த வார்னிஷ் வாசம் வரும். இது சுற்றிலும் நறநறவென்றது. வாசம் இல்லை. கோனின் நடுவை மூடுகிற டஸ்ட் கேப்பைப் பார்த்தால் பேரப்பிள்ளை விரலால் குத்தியதில் ஒரு கிழிசல். கிழிசலைக் கத்தியால் பெரிதாக்கி டார்ச் அடித்தேன். காந்த இடைவெளியின் உதடு முழுக்கக் கறுப்பு மணல், மணி மணியாக நட்டுக்கொண்டு நிற்கிறது. ஊசியால் ஒரு மணியை எடுத்து வெளியே வைத்தால் துள்ளி மறுபடியும் உள்ளே போய் ஒட்டிக்கொள்கிறது.

நம் கடற்கரை மணலைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கறுப்பு இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த தாது. பலமான காந்தம் அதை இழுக்கும். அங்கே மணல் ஆலையில் இல்மனைட்டைப் பிரித்தெடுப்பதே காந்தத்தால்தான். வாய்ஸ் காயில் ஓடுகிற இடைவெளியைவிடப் பலமான காந்தப்புலம் ஒரு வீட்டில் வேறு எங்கே இருக்கிறது? ஜன்னலைத் திறந்து வைத்த கடற்கரை வீட்டில், கிழிந்த கேப்போடு பெட்டி நின்றால் மணல் தானாக வந்து சேரும்.

ஊதி எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அழுத்தக் காற்று அடித்தால் மணல் இன்னும் உள்ளே இறங்கும். மாஸ்கிங் டேப்பைக் குறுகலாக வெட்டி, பசை வெளியே இருக்கும்படி மடித்து, இடைவெளிக்குள் விட்டு ஒரு சுற்று. எடுத்துத் தூர எறி. புது டேப். மறுபடியும். சாயங்காலம் வரை அதுதான் வேலை. இந்த வழியில் காயிலின் உட்பக்கம் மட்டும்தான் சுத்தமாகும். வெளிப்பக்கம் மணல் போயிருந்தால் கோனை முழுதாகக் கழற்றித்தான் ஆக வேண்டும். அண்ணாச்சிக்கு அதிர்ஷ்டம், உட்பக்கத்தோடு போயிற்று. சத்தம் நின்றது. புது டஸ்ட் கேப் ஒட்டி, பெட்டியைப் பேரப்பிள்ளை கைக்கு எட்டாத ஸ்டாண்டில் ஏற்றச் சொன்னேன்.

கடலோரத்தில் இதே மாதிரி சத்தம் மணல் இல்லாமலும் வரும். காயிலுக்கு உள்ளே நிற்கிற காந்த நடுக்கம்பத்தின் முலாம் போய் துருப்பிடித்து, துருச்செதில் எழும்பி உரசும். டார்ச்சில் பார்த்தால் பழுப்பாகத் தெரியும். அது எளிதில் தீராது.

4 ஜூலை

கேட்பவர்களுக்கு: இல்லை, கன்னியாகுமரியில் பாக்கெட் போட்டு விற்கிற கலர் மணலை வைத்து ஸ்பீக்கர் காந்தத்தைச் சோதிக்க வேண்டாம்.

19 ஜூலை

குலசேகரம் தம்பிக்கு ஃபோம் வளையம் வந்துவிட்டது. ஆர்டர் போடும் முன் அளவு எடுக்கச் சொல்லியிருந்தேன்: கோனின் வெளி விட்டம், ஃபோம் வளையத்தில் மேடாக எழும்புகிற மடிப்பின் அகலம், ஃபிரேமில் ஒட்டுகிற இடத்தின் உள் விட்டமும் வெளி விட்டமும். "பத்து இஞ்ச்" என்று மட்டும் சொல்லி வாங்கினால் பாதி நேரம் பொருந்தாது. உள் விளிம்பின் சாய்வு கோனின் சாய்வோடு ஒத்துப்போக வேண்டும், அதை அளக்க முடியாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

பழைய ஃபோமைச் சுரண்டி, மிச்சப் பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்கவும். நனைக்காதீர்கள், தொட்டுத் தொட்டு எடுக்கவும். இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள்தான் கோனைக் கிழிக்கிறார்கள். காகிதக் கோனுக்கு வெள்ளைப் பசை போதும், ஃபெவிகால் வகை. பிற்பாடு பிரிக்க வேண்டி வந்தால் ஈரமும் சூடும் காட்டினால் விடும் என்பதே அதன் பெரிய குணம். சூப்பர் குளூ கூடாது: கெட்டியாகி முறியும், அதன் ஆவி கோனில் வெள்ளை படரும், திருத்த இடம் கொடுக்காது. பாலிபுரொப்பிலின் கோனில் வெள்ளைப் பசை நிற்காது, அதற்கு வேறு பசை.

முதலில் ஃபோமைக் கோனோடு ஒட்டி முழுக்கக் காயவிடவும். அப்புறம்தான் ஃபிரேம் பக்கம். ஃபிரேமில் பசை தடவியதும் போனில் 30 ஹெர்ட்ஸ் ஒலியை ஆம்ப்ளிஃபயர் வழியாக மிக மெதுவாகப் போடுங்கள். கோன் மெல்ல அசையும். உரசல் கேட்டால் வளையத்தை அந்தப் பக்கமிருந்து ஒரு நூல் நகர்த்துங்கள். உரசல் போன இடத்தில் துணிக்கிளிப் வைத்து அழுத்திவிடலாம். டஸ்ட் கேப்பை அறுத்துக் காயிலைச் சுற்றி ஃபிலிம் துண்டு செருகுகிற முறைதான் இன்னும் துல்லியம், ஆனால் நல்ல கேப்பை அறுக்க எனக்கு மனசு வராது. இந்த முறையில் மையம் வராவிட்டால் அதற்குப் போகலாம்.

எந்த வெளிநாட்டு வீடியோவும் சொல்லாத ஒன்று: மழைக்காலத்தில் வெள்ளைப் பசை காயாது. தண்ணீர் ஆவியாகிப் போனால்தான் அது பிடிக்கும், தென்மேற்குப் பருவத்தில் குலசேகரம் பக்கம் தண்ணீர் எங்கே போகும்? பசை தடவும்போது பால் நிறம், காய்ந்தால் கண்ணாடி நிறம். விளிம்பில் ஒரு கீற்று வெள்ளை தெரிந்தாலும் தொடாதீர்கள். நான் ஊஃபரை அட்டைப் பெட்டிக்குள் வைத்து, எட்டத்தில் ஒரு குண்டு பல்பு எரியவிடுவேன், கோழிக்குஞ்சை வைத்திருக்கிற மாதிரி. பெட்டியின் மூடி திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஈரம் உள்ளேயே சுற்றும்.

2 ஆகஸ்ட்

தக்கலைக்காரர் ஒருவர்: "எனக்கு ரப்பர் வளையம் போட்டுத் தந்தார்கள். ஆயுசுக்கும் கெடாதாம். ஆனால் பேஸ் காணாமல் போய்விட்டது."

எனக்கும் நடந்திருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு கடையில் கொடுத்த பெட்டி, ஃபோம் இருந்த இடத்தில் தடித்த ரப்பரோடு திரும்பி வந்தது. பெயர் சொல்ல விரும்பவில்லை. கோனைத் தள்ளினால் விறைப்பாக நின்றது. காரணம் எளிது: சரவுண்ட் விறைத்தால் ஊஃபரின் இயல்பான அதிர்வெண் மேலே ஏறும், அதற்குக் கீழே பேஸ் சரிந்துவிடும். அடைத்த பெட்டிகளில் இது இன்னும் கடுமை. ஏ.ஆர். கம்பெனியின் எட்கர் வில்ச்சர் 1954-ல் ஏ.ஆர்.-1 பெட்டியைக் கொண்டுவந்தபோது அதன் சூட்சுமமே இதுதான். கோனைத் திருப்பி இழுக்கிற வேலையைச் சரவுண்டிடமிருந்து பிடுங்கி, பெட்டிக்குள் அடைபட்ட காற்றிடம் கொடுத்தார். ஊஃபர் தொளதொளவென்று இருந்தால்தான் அந்தக் கணக்கு நடக்கும். அதில் தடித்த ரப்பரைப் போடுவது கணக்கையே கலைப்பது.

3 ஆகஸ்ட்

நேற்று எழுதியதை வைத்து "ரப்பரே ஆகாது" என்று சிலர் முடிவு கட்டிவிட்டார்கள். அப்படியில்லை. தயாரிக்கும்போதே ரப்பரை வைத்து வடிவமைத்த ஊஃபருக்கு ரப்பர்தான் வேண்டும். கெஃப் பி110 அப்படித்தான், நாற்பது ஐம்பது வருடப் பழசெல்லாம் இன்னும் அசைந்துகொண்டிருக்கின்றன. அங்கே போடுவது பியூட்டைல் போன்ற செயற்கை ரப்பர், அதிர்வை விழுங்கும், ஈரத்தையும் ஓசோனையும் தாங்கும், மெல்லியதாகவும் இருக்கும். ஃபோம் இருந்த இடத்தில் ஃபோம், ரப்பர் இருந்த இடத்தில் ரப்பர், துணி இருந்த இடத்தில் துணி. பியூட்டைல் என்று நான் சொன்னதும் சைக்கிள் டியூபும் பியூட்டைல்தானே என்று கேட்கப் போகிறவர் யார் என்று எனக்குத் தெரியும். டியூபை வெட்ட வேண்டாம்.

25 ஆகஸ்ட்

பெட்டியைப் பற்றி. பெரும்பாலும் மரத்தூள் பலகைதான், மேலே மெல்லிய தேக்குத் தோல் அல்லது தேக்குப் படம் போட்ட பிளாஸ்டிக். தரையில் நேரடியாக வைத்தால் அடி விளிம்பு ஈரம் குடித்து உப்பிவிடும், உப்பியது திரும்ப இறங்காது. கறையான் ஏறினால் அவ்வளவுதான்.

அண்டிக்கொட்டை (முந்திரிக்கொட்டை) எண்ணெய் பூசினால் கறையான் வராது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வராது, உண்மைதான், வள்ளத்துக்குப் பூசுவதும் அதற்காகத்தான். ஆனால் அது கையைப் பொத்துவிக்கும், மரத்தைக் கருக்கும். வரவேற்பறையில் வள்ளத்தை நிறுத்த விரும்புகிறவர்கள் பூசலாம்.

உப்பிய பெட்டிக்குப் பதில் ஆசாரியிடம் அயனிப் பலகையில் புதுப் பெட்டி செய்யச் சொல்லலாமா என்பது நல்ல கேள்வி. அயனி நல்ல மரம், ஆனால் முழு மரம் மழைக்கும் வெயிலுக்கும் விரியும் சுருங்கும், மூட்டு விட்டு காற்று கசியும். பிளைவுட்டே போதும். உள்ளளவு ஒரு நூல்கூட மாறாமல் பழைய பெட்டியை அப்படியே நகல் எடுக்கச் சொல்லுங்கள். ஆசாரி "கொஞ்சம் பெரிதாக்கினால் பார்க்க அழகு" என்பார். விடாதீர்கள்.

மயிலாடியிலிருந்து ஒருவர் கருங்கல்லில் பெட்டி செய்து தருகிறேன் என்கிறார். சிரிப்பதற்கு முன் யோசித்தேன். கல் அசையாது, அதுவரை நல்லது. ஆனால் தட்டினால் மணியாக ஒலிக்கும். சுசீந்திரம் கோயிலில் இசைத்தூணைத் தட்டிக் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பி.பி.சி. பொறியாளர்கள் நேர் எதிர்வழியில் போனார்கள். மெல்லிய பிர்ச் பிளைவுட், உட்பக்கம் தார் கலந்த அட்டையை ஒட்டி, அதிர்வு எழுந்த உடனே அடங்கும்படி செய்தார்கள். பெட்டியை விரல் முட்டியால் தட்டினால் 'டொக்' என்று செத்த சத்தம் வர வேண்டும். மயிலாடி அண்ணாச்சி ஸ்டாண்ட் செய்யட்டும், அதற்குக் கல் அருமையான பொருள்.

11 செப்டம்பர்

ஒரு பெட்டியில் மட்டும் பேஸ் குறைவு, எல்லாம் சோதித்தாகிவிட்டது, என்ன செய்ய என்று கேட்டிருந்த அருமனை நண்பருக்கு: முன்பக்கம் இருக்கிற காற்றுக் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள் என்றேன். குளவி மண்கூடு கட்டி, குழாயின் முக்கால்வாசி அடைபட்டிருந்தது. நம் பக்கத்தில் இது சகஜம். பல்லி முட்டையும் பார்த்திருக்கிறேன். குழாய் வாயில் மெல்லிய வலை வைக்கலாம், பெரிய சத்தத்தில் லேசாக 'புஸ்' என்று கேட்டாலும் குளவிக்கு அது பரவாயில்லை.

கோயில் கொடையில் கட்டுகிற அஹுஜா குழாய் ஸ்பீக்கரிலும் குளவி வருமா என்று அவரே கேட்டார். வரும். ஆனால் அது வேறு சாதி. உள்ளே இருக்கிற டயஃப்ரத்தைத் தனியாக வாங்கி ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம், நம் மைக்செட்காரர்கள் மரத்தில் ஏறி நின்றே மாற்றுவார்கள்.

12 அக்டோபர்

குலசேகரம் தம்பியின் ஜோடி பாடுகிறது. ஆனால் "பாடகர் நடுவில் நிற்கவில்லை, பேஸும் காற்றில் கரைந்த மாதிரி இருக்கிறது" என்றார்.

ஒரு பெட்டியின் ஊஃபர் வயர் தலைகீழ். ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் பேஸ் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஒன்றரை வோல்ட் பாட்டரியின் ப்ளஸை ஊஃபரின் ப்ளஸில் ஒரு நொடி தொடுங்கள், கோன் வெளியே வர வேண்டும். பழைய ஜே.பி.எல். யூனிட்களில் மட்டும் உள்ளே போகும், அவர்கள் வழக்கம் அப்படி. அதையும் கோளாறு என்று மாற்றிவிடாதீர்கள். ட்வீட்டரில் பாட்டரி வைக்க வேண்டாம், அதற்கு மீட்டர் போதும்.

வயரை மாற்றினாராம், பாடகர் நடுவில் வந்துவிட்டார். நான் ஜூனில் எடுக்கச் சொன்ன போட்டோ எங்கே என்று கேட்டேன். பழைய போனில் இருக்கிறதாம்.

27 அக்டோபர்

கிரில் துணியும் பொடிந்துவிட்டதாம், வீட்டிலுள்ள நேரியலை (தோளில் போடுகிற துண்டு) வெட்டிப் போடலாமா என்று கேட்கிறார்.

போடலாம். துணியை வாயருகே வைத்து ஊதுங்கள், மறுபக்கம் உள்ளங்கையில் காற்று தடையில்லாமல் பட்டால் ஒலியும் போகும். மெல்லிய நெசவு நேரியல் தாங்கும், இரட்டை வேட்டியும் கஞ்சி போட்ட துணியும் உயர் ஒலியைத் தின்றுவிடும். பிரேமில் இழுத்துக் கட்டும்போது முதலில் நான்கு பக்கத்தின் நடுவில் பின் அடித்து, பிறகு மூலைகளுக்குப் போங்கள், இல்லாவிட்டால் நெசவு கோணும். கரையை மறைக்காமல் அடிப்பக்கம் ஒரு வரியாகத் தெரியும்படி விட்டால் பார்க்க நன்றாக இருக்கும். அடிப்பதற்கு முன் தண்ணீரில் அலசிக் காயவைத்துக்கொள்ளுங்கள், புதுப் பருத்தி பிறகு சுருங்கினால் பிரேம் வளையும்.